பதினோரு வயசுக்கு என்ன இருக்கு?

பத்தைத் தாண்டிப் பதின்மூன்றைத் தொடாத பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு வாங்க வருகிறவர்களைக் கடைப் படியிலேயே அடையாளம் கண்டுவிடலாம். கைக்குழந்தைக்கு வாங்க வருகிறவர் கிலுகிலுப்பை தொங்கும் பக்கம் தானாகப் போய்விடுவார். நாலு வயதுப் பையனுக்கு என்றால் கார், ஆறு வயதுப் பெண்ணுக்கு என்றால் கிச்சன் செட். கேள்விக்கே இடமில்லை. இந்த இடைப்பட்ட வயதுக்கு வருகிறவர் மட்டும் எந்தத் தட்டையும் பார்க்காமல் நேரே கல்லாவுக்கு வந்து, மருந்துக் கடையில் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்கிற மாதிரி, "பதினோரு வயசுக்கு என்ன இருக்கு?" என்பார்.

பையனா பொண்ணா, எவ்வளவுக்குள்ளே என்று இரண்டே கேள்வி கேட்பேன். முந்நூறு என்பார்கள், ஐநூறு என்பார்கள். என் கை தானாக ஒரு பக்கம் நீளும். எந்தப் பக்கம் என்பதை இப்போது சொல்லிவிடலாம்: எந்தச் சரக்கு தேங்கிக் கிடக்கிறதோ அந்தப் பக்கம். வியாபாரத்தில் இது குற்றமில்லை. அப்பாவும் அப்படித்தான் விற்றார். போன தீபாவளிக்கு வந்து நகராத ஜிக்சா, மூலை நசுங்கிய பிசினஸ் போர்டு, பளபளவென்று அட்டை போட்ட சயின்ஸ் கிட் எல்லாம் பதினோரு வயதின் தலையில்தான் விடியும். காரணம் இருக்கிறது. அஞ்சு வயதுப் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால் அழுது ஊரைக் கூட்டும்; மறுநாளே அப்பன்காரன் பெட்டியோடு வந்து நிற்பான். பதினோரு வயதுப் பிள்ளை அழாது. "தேங்க்ஸ் அங்கிள்" என்று வாங்கி ஓரமாக வைத்துவிடும். புகார் சொல்லாத வாடிக்கையாளரைவிட ஒரு கடைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

கும்பகோணத்தில் எங்களுடையது ஃபேன்சி ஸ்டோர். நோட்டு, பேனா, வளையல், பொம்மை, கலர்த் தாள் எல்லாம் உண்டு. அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு ஒரு ரகசியக் குறி இருக்கிறது. பத்து வேறு வேறு எழுத்துகள் வருகிற ஒரு சொற்றொடரை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று கணக்கு. கொள்முதல் விலையை அந்த எழுத்துகளில் பெட்டியின் அடியில் பென்சிலால் எழுதிவிடுவோம். பேரம் பேசுகிறவர் முன்னாலேயே பெட்டியைத் திருப்பிப் பார்த்து எவ்வளவு இறங்கலாம் என்று தெரிந்துகொள்ளலாம். பழைய கடைகளில் அநேகமாக எல்லோரும் இப்படி ஒன்று வைத்திருப்பார்கள். எங்கள் சொற்றொடரை இங்கே எழுதினால் கடையை மூட வேண்டியதுதான்.

ஒருநாள் ஓர் அம்மா, உறவுக்காரர் பிள்ளைக்கு வந்த பரிசு, பில் இல்லை, மாற்றிக்கொடுக்க முடியுமா என்று ஒரு பிசினஸ் போர்டைக் கொண்டுவந்தார். செலோபேன் உறைகூடப் பிரிக்கவில்லை. கவிழ்த்துப் பார்த்தேன். என் கையெழுத்து. விலையைப் படித்தால், அந்த விலைக்கு அந்தச் சரக்கை நான் வாங்கிச் சில வருஷம் ஆகியிருந்தது. இத்தனை காலம் அது எந்தெந்த வீட்டுக்குப் போய், எத்தனை பிறந்தநாளில் மேஜைமேல் உட்கார்ந்து, கிழியாத உறையோடு மறுபடி புதுப் பரிசுத் தாளில் புகுந்து புறப்பட்டதோ தெரியவில்லை. மாற்றிக்கொடுத்தேன். அந்தப் பெட்டியை மறுபடி விற்கவும் விற்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகுதான் கவனிக்க ஆரம்பித்தேன். இப்படிச் சுற்றிச் சுற்றி வருகிற பெட்டிகள் ஒரே வயதுக்கு விற்றவை. சின்னப் பிள்ளைகள் வாங்கின உடனே கிழித்துவிடுகிறார்கள். அந்தப் பொம்மை உடையும், தொலையும், ஆனால் சுற்றாது. பதினான்கு, பதினைந்துக்குப் பணமாகக் கொடுத்துவிடுகிறார்கள். நடுவில் இருக்கிற மூன்று வருஷத்துப் பிள்ளைகளின் வீட்டில்தான் பிரிக்காத பெட்டிகள் பீரோமேல் அடுக்கியிருக்கின்றன.

இந்த வயதைப் பற்றிச் சட்டத்துக்கே ஒரு தீர்மானம் கிடையாது. 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையை விற்கக் கூடாது என்று வந்தபோது எங்களைப் போன்ற கடைகளெல்லாம் அலைந்தோம். எது பொம்மை என்று அந்த ஆணையைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன்: 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கென்று செய்யப்பட்டது எதுவோ அது பொம்மை. சரி, பதினான்கு நிரம்பும்வரை பொம்மைக்காரர்கள். அந்தப் பக்கம் ரிசர்வ் வங்கி 2014-லேயே, 10 வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரில் சேமிப்புக் கணக்கு வைத்துத் தானே பணம் போட்டு எடுக்கலாம் என்று வங்கிகளுக்கு வழிவிட்டுவிட்டது. தபால் ஆபீஸிலும் அதே 10 வயது. 500 ரூபாய் போட்டால் கணக்கு. ஆக, பத்துக்கும் பதினான்குக்கும் நடுவில் ஒரே பிள்ளை ஒரு கவுண்டரில் பொம்மைக்காரர், பக்கத்துக் கவுண்டரில் கணக்குதாரர். பரிசு வாங்குகிறவர் இதில் முதல் ஆளைத்தான் நினைத்துக்கொண்டு வருகிறார். வாங்கிக்கொள்கிற பிள்ளை தன்னை இரண்டாவது ஆளாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு இது புரிந்தது கடையில் அல்ல, என் அக்கா மகளிடம்.

அக்காவை மன்னார்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மகளுக்குப் பிறந்தநாள் கோடை விடுமுறையில் வரும் என்பதால் எங்கள் வீட்டில்தான் கொண்டாட்டம். அதுவும் இரண்டு நாள். நட்சத்திரப்படி ஒருநாள் அம்மா கும்பேசுவரர் கோயிலில் அர்ச்சனை செய்து பாயசம் வைப்பாள். தேதிப்படி ஒருநாள் கேக். தாய்மாமன் எந்த நாளில் கொடுக்க வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. இரண்டு நாளும்தான். கடையே என்னுடையது என்பதால் கைக்குச் செலவும் தெரியாது. பிள்ளை வளர வளர நான்தான் உலகத்திலேயே சிறந்த மாமன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

பத்தாவது பிறந்தநாளுக்கு, முடி சீவி விடுகிற பெரிய பொம்மை ஒன்று. சீப்பு, கண்ணாடி, மாற்றுத் துணி எல்லாம் உள்ளே. பிரித்துப் பார்த்தாள். "ரொம்ப நல்லாருக்கு, தேங்க்ஸ் மாமா" என்றாள். சொன்ன வார்த்தையில் குறையில்லை. குரல்தான். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசச் சொல்லிப் பழக்குவோமே, அந்தக் குரல். பொம்மையைப் பெட்டிக்குள் பழையபடி படுக்கவைத்து, மூடியைக்கூட ஒழுங்காகச் செருகினாள். "பாப்பாவுக்குப் புடிக்கலையா?" என்று கேட்டேன். "புடிச்சிருக்கு மாமா. பாப்பான்னு மட்டும் கூப்பிடாதீங்க" என்றாள்.

கடைக்கு வந்தால் அவள் உட்காருகிற இடமே மாறியிருந்தது. முன்பெல்லாம் பொம்மைத் தட்டுக்குக் கீழே உட்காருவாள். இப்போது பின்கட்டில், டேமேஜ் பெட்டிக்குப் பக்கத்தில். சென்னையில் பாரிமுனையிலிருந்து மொத்தமாகச் சரக்கு எடுத்தால் அதில் கொஞ்சம் ஓடாத ரிமோட் கார், அழாத பொம்மை, எரியாத டார்ச் என்று வந்தே தீரும். திருப்பி அனுப்பும் லாரிச் செலவு சரக்கைவிட அதிகம். ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு வைப்போம். அந்தப் பெட்டியை அவள் கிளறிக்கொண்டிருந்தாள். ஸ்குரூ டிரைவர் கேட்டாள். சின்னப் பிள்ளைக்கு எதுக்கு இரும்பு என்று, தட்டிலிருந்த மெக்கானிக் செட்டைப் பிரித்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மஞ்சள் பிளாஸ்டிக். இரண்டு திருகில் அதன் முனை மழுங்கிப்போயிற்று.

"மாமா, இது பொம்மை ஸ்குரூ டிரைவர். நிஜம் இல்லையா?"

கோபமாகச் சொல்லவில்லை. வேறு நம்பர் செருப்பு கொடுத்தால் மாற்றிக் கேட்போமே, அத்தனை சாதாரணமாகக் கேட்டாள்.

எனக்கு அன்று முழுக்க அந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. என் கடையைச் சுற்றிப் பார்த்தேன். பார்க்கிற டெலஸ்கோப் இல்லை, டெலஸ்கோப் மாதிரி ஒன்று. 50 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று அட்டையில் இருக்கும். உள்ளே பிளாஸ்டிக் லென்ஸ், நிலாவைக் காட்டினால் கஞ்சித் தண்ணீரில் விழுந்த அப்பளம். இசைக்கிற கீபோர்டு இல்லை, கீபோர்டு மாதிரி. தைக்கிற மெஷின் இல்லை, மெஷின் மாதிரி. ஏழு வயதுக்கு இந்த 'மாதிரி' போதும். மீதியை அது கற்பனையில் நிரப்பிக்கொள்ளும். பத்து வயதுக்கு மேல் அது நிரப்பிக்கொள்ளாது. வேலை செய்கிறதா என்று பார்க்கும். செய்யவில்லை என்றால் பெட்டியை ஒழுங்காக மூடி வைத்துவிடும்.

அடுத்த பிறந்தநாளுக்கு நான் என் கடையிலிருந்து எடுக்கவில்லை. இரும்புக் கடைக்குப் போனேன். வாட்ச் ரிப்பேர்க்காரர் வைத்திருப்பது போன்ற சின்ன ஸ்குரூ டிரைவர் செட், நோஸ் பிளையர், இன்சுலேஷன் டேப், நாலு தாள் உப்புத்தாள், எலக்ட்ரிக்கல் கடையில் ஒரு மல்டிமீட்டர். எல்லாம் சேர்த்து அந்த முடி சீவும் பொம்மையின் விலைதான் வந்தது. டேமேஜ் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குப் பதினொன்று, பன்னிரண்டு என்றாலே பெரியவர்கள் மனதில் வேறு ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். இன்றோ நாளையோ வயதுக்கு வந்துவிடுவாள், மாமன் சீர் செய்ய வேண்டும், பட்டு எவ்வளவு, பவுன் எவ்வளவு. பிறந்தநாள் பரிசும் அந்தக் கணக்கில் ஒரு முன்பணம்.

"ஏன்டா, ஒரு சோடி கம்மல் வாங்கியாந்திருந்தா காதுல கெடக்கும். இரும்புச் சாமானையா பொறந்த நாளும் அதுவுமா கையில குடுக்குறது?" என்றாள் அம்மா.

அக்கா இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். "டேய், பொம்பளப் புள்ளைக்கு ஸ்குரூ டிரைவர் குடுத்த மொத தாய்மாமன் நீதான்டா. வெளியில சொல்லிடாத."

பிள்ளை இதில் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. தரையில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கே தெரியாத ஒன்றை அந்த விடுமுறையில் அவள் கண்டுபிடித்தாள். ஓடாத கார்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே ஒரு கோளாறும் இல்லை. பேட்டரி உட்காரும் இடத்திலுள்ள ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் ஓடும். அதற்கடுத்தபடி, மோட்டாருக்குப் போகிற ஒயர் பற்றவைத்த இடத்தில் விட்டுப்போயிருக்கும். மோட்டாரே எரிந்துபோனது அபூர்வம். ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதி வைத்தாள். இத்தனை வருஷம் நான் அந்தப் பெட்டியைப் பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவனுக்குக் கிலோ கணக்கில் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஓட ஆரம்பித்தவற்றைக் கடை வாசலில் ஒரு தாம்பாளத்தில் வைத்தோம். போர்டு அவளே எழுதினாள்: 'ஓடும். பழசு. பாதி விலை.' இதைவிட நேர்மையான விளம்பரத்தை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. விற்ற காசை எடுத்துக்கொண்டு தபால் ஆபீஸுக்குப் போய் அவள் பெயரில் கணக்குத் திறந்தோம். பாஸ்புக்கில் தன் பெயருக்குக் கீழே கையெழுத்து போட்டபோது, அந்த விருந்தாளிக் குரல் இல்லாமல், சத்தமே இல்லாமல் என்னைப் பார்த்தாள். தாய்மாமனுக்குச் சேர வேண்டிய சம்பளம் அதுதான்.

ஒயரைப் பற்றவைக்க சால்டரிங் அயர்ன் கேட்டாள். அதற்கு மட்டும் அக்கா பன்னிரண்டு முடியட்டும் என்றாள். அது சரிதான். 25 வாட் அயர்ன்தான் என்றாலும் முனை 300 டிகிரிக்கு மேல் சூடாகும். ஈயம் கலந்த சால்டர் கம்பியைத் தொட்ட கையைக் கழுவாமல் வாயில் வைக்கக் கூடாது. நிஜமான பொருளைக் கொடுக்கிறவனுக்கு நிஜமான வேலை இருக்கிறது, கூடவே உட்கார வேண்டும். எனக்கு அப்போதுதான் இன்னொரு விஷயம் உறைத்தது. பட்டன் பேட்டரி போடுகிற பொம்மைகளில் மூடிக்கு ஸ்குரூ வைத்திருப்பது அழகுக்கு இல்லை, சின்னப் பிள்ளை திறக்கக் கூடாது என்பதற்கு. அந்தப் பேட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். நான் அக்கா மகளுக்குக் கொடுத்த பரிசு அந்தப் பூட்டின் சாவி. வீட்டில் அவளுக்கு ஒரு குட்டித் தம்பி வேறு. கழற்றிய பேட்டரியெல்லாம் உடனே மூடி போட்ட டப்பாவுக்குள், டப்பா பரண்மேல் என்று சட்டம் போட்டோம். குட்டிக் குட்டிக் காந்த உருண்டைகளை நான் இப்போது விற்பதே இல்லை. பெரிய பிள்ளை விளையாடும், சரி. சின்னது இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். பரிசு ஒரு பிள்ளைக்குத்தான், போகிற இடம் ஒரு வீடு.

அவளிடம் கற்றதைக் கடையில் பிரயோகித்துப் பார்த்தேன். கேள்விகளை மாற்றினேன். பையனா பொண்ணா என்பதை விட்டுவிட்டு, புள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் என்ன செய்யும் என்று கேட்டேன். முறைத்தவர்கள் உண்டு. "ஏங்க, ஒரு கிஃப்ட் வாங்க வந்தா சி.பி.ஐ. மாதிரி கேக்குறீங்க" என்று போனவரும் உண்டு. ஆனால் சொன்னவர்கள் மூலம் எனக்கே ஒரு படிப்பு கிடைத்தது.

செஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்ததிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனதும் கேட்கவே வேண்டாம். பன்னிரண்டு வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆன பிள்ளை என்பதால், அந்த வயதில் பிள்ளை வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரு படபடப்பு. வாங்குகிறவர்கள் கண்ணாடி செஸ் கேட்பார்கள், மரத்தில் யானை குதிரையெல்லாம் இழைத்துச் செய்த செட் கேட்பார்கள். நிஜமாகவே வகுப்புக்குப் போய் ஆடுகிற பிள்ளை அதைத் தொடாது. அதற்கு வேண்டியது பாய் மாதிரி சுருட்டுகிற வினைல் போர்டு, மூன்றே முக்கால் அங்குல ராஜா உள்ள சாதாரண பிளாஸ்டிக் காய், முடிந்தால் ஒரு கடிகாரம். பார்க்க ஒன்றும் இருக்காது. போட்டியில் மேஜைமேல் இருப்பது அதுதான் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும், மாமா அத்தைக்குத் தெரியாது.

இன்னொரு பையன், பக்கத்துத் தெரு, ஆறாம் வகுப்பு. பிறந்தநாள் பணத்தை எடுத்துக்கொண்டு தானே வந்தான். கடையில் பெண்கள் இருந்ததால் சுற்றிச் சுற்றி வந்தான். எல்லோரும் போன பிறகு கிட்டே வந்து, "அங்கிள், கார்டு இருக்கா?" என்றான். வாழ்த்து அட்டையைக் காட்டினேன். "அது இல்லை அங்கிள், கிரிக்கெட் கார்டு. பேட் மூணு பேர் குடுத்துட்டாங்க. கார்டு இல்லாம ஸ்டிச் பால் நெட்டுல விட மாட்டேங்குறாரு கோச்சு." மூன்று பேட்டும் வீட்டில் சாத்தியிருக்க, கால்சட்டைக்குள் வைக்கிற எண்பது ரூபாய்க் காப்பு இல்லாததால் நெட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான் பாவம். என்னிடம் இல்லை. ஸ்போர்ட்ஸ் கடைக்குக் கூட்டிப்போய் வாங்கிக்கொடுத்தேன். இவனுக்கு மூன்று பேட் கொடுத்தவர்களில் ஒருவர் அவனிடம் என்ன வேண்டும் என்று கேட்டிருக்கலாம். பரிசென்றால் திடீரென்று நீட்ட வேண்டும், கேட்டுவிட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று ஒரு நினைப்பு நமக்கு. பெண் பார்க்கப் போகிற வீட்டுக்கு என்ன பழம் வாங்கலாம் என்று ஆயிரம் பேரிடம் கேட்போம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கேட்க மாட்டோம்.

பெட்டியில் வயது எழுதியிருக்கிறதே, அதைப் பெரியவர்கள் பார்ப்பதில்லை. பிள்ளைகள் பார்க்கிறார்கள். எட்டு வயதுக்கு மேல் என்று எழுதியதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்தால் அது மரியாதைக்குறைவு. தனியாக வருகிற பிள்ளைகளின் கை 14-க்கு மேல் என்று எழுதிய பெட்டிக்குத்தான் போகிறது. அது அவர்களுக்குச் சிரமமாக இருக்கலாம், அதனாலென்ன?

எங்கள் ஊர்க் கதையே இதற்கு ஒன்று இருக்கிறது. சாரங்கபாணி சன்னிதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வீட்டைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் எங்கள் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்குவார்கள். அவருக்குப் பன்னிரண்டு வயது வாக்கில் கைக்குக் கிடைத்தது லோனி என்பவர் எழுதிய திரிகோணமிதிப் புத்தகம். கல்லூரிப் பிள்ளைகள் படிக்கிறது, இரவல். வயதுக்கேற்ற கணக்கு விளையாட்டுப் பெட்டி எதையும் அவருக்கு யாரும் வாங்கித் தரவில்லை, வாங்கித் தர வசதியும் இல்லை. மேதைகளை இழுத்து வைத்து நம் பிள்ளைகளை அளக்கக் கூடாதுதான். ஆனாலும் இரவல் புத்தகத்தைக்கூடப் பரிசாக எண்ணுகிற பழக்கம் நமக்கு இல்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு இதைவிட நெருக்கமான கதை பறவையியலாளர் சாலிம் அலியுடையது, அதில் ஒரு தாய்மாமன் வருவதால். பெற்றோரைச் சின்ன வயதிலேயே இழந்த அவரைப் பம்பாயில் வளர்த்தது அம்மாவின் சகோதரர் அமிருத்தீன் தியாப்ஜி. பிள்ளைகளுக்கு ஏர்கன் வாங்கிக்கொடுத்திருந்தார் அந்த மாமா. அதற்கு விளையாட்டுத் துப்பாக்கி என்றுதான் பெயர். சுட்டால் குருவி விழும். பத்து வயது வாக்கில் சாலிம் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் தீற்றல் இருந்தது. என்ன குருவி என்று மாமாவுக்குத் தெரியவில்லை. ஆனால் தெரிந்தவர் இருக்கிற இடம் தெரியும்: பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு என்ற வெள்ளைக்காரரிடம் பையன் பயந்துகொண்டே போனான். அவர் பெயரைச் சொன்னதோடு விடாமல், அலமாரி அலமாரியாகத் திறந்து பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் காட்டினார். 1985-இல் வந்த தன் சுயசரிதைக்கு அந்தக் குருவியின் வீழ்ச்சியைத்தான் தலைப்பாக வைத்தார் சாலிம் அலி. துப்பாக்கி கொடுத்தது பெரிய காரியமா என்றால் எனக்குச் சந்தேகம். குருவியைக் கொல்கிற பரிசை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்த ஆளிடம் பிள்ளையை அனுப்பினாரே, அந்த மாமனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நானும் பிறகு அதைச் செய்தேன். எங்கள் தெருவில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்க்கிற பெரியவர் ஒருவரிடம் அக்கா மகளை உட்காரவைத்தேன். அவர் கொடுத்த பாடத்துக்கு விலை போட முடியாது. ஒரு வெற்றிலைப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன்.

காசுக்கு வருகிறேன். நிஜப் பொருள் என்றால் விலை கூடும் என்பார்கள். சில சமயம் கூடும். பறவை பார்க்கிற, வானம் பார்க்கிற பிள்ளைக்கு ஒரு பைனாகுலர் என்றால் ஆயிரங்களில்தான். 10x50 என்று குறித்த ஒன்றை அசையாமல் பிடித்தால் வியாழனின் நிலாக்கள் தெரியும், அந்த 50 மடங்கு பிளாஸ்டிக் குழாயில் தெரியாதது. ஆனால் பிறந்தநாளுக்கு வருகிற சித்தப்பா, பெரியம்மா, அத்தை, பக்கத்து வீடு எல்லோரும் ஆளுக்கு ஐநூறு போட்டு ஒன்றாக வாங்கலாமே. கல்யாணத்துக்கு பீரோ அப்படித்தானே வாங்குகிறோம்? அதற்கு மட்டும் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். தனித்தனிப் பெட்டியில் தனித்தனிப் பெயர் வேண்டும்.

துணி எடுத்துக் கொடுக்காதீர்கள். இந்த வயதில் உடம்பு மாதத்துக்கு ஒரு மாதிரி. பெரிய சைஸ் எடுத்தால் என்னைக் குண்டு என்கிறார்கள் என்று நினைக்கும், சின்னது எடுத்தால் போட்டுக்கொண்டு வெளியே வராது. நாய்க்குட்டியும் வேண்டாம், அதை வளர்க்கப் போவது அந்த வீட்டு அம்மா. போன் கேட்பார்கள், எல்லோரும் கேட்பார்கள். அது மாமன் கொடுக்கிற சாமான் இல்லை; அப்பா அம்மா முடிவு செய்ய வேண்டியதை உறவுக்காரர் பொட்டலம் கட்டி எடுத்துப் போகக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

ஒரு பரிசுக்காகக் கேள்வி கேட்கக் கூடாத இடமும் இருக்கிறது. ஒருநாள் ஒருவர் வந்தார். பன்னிரண்டு வயது, ஐநூறுக்குள். பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்றேன். "அதெல்லாம் தெரியாதுங்க, எங்க மேனேஜரோட பையன்" என்றார். அவரிடம் என் பாடத்தையெல்லாம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்தப் பழைய பிசினஸ் போர்டு மறுபடி கடைக்கு வந்திருந்தால் அதைத்தான் கொடுத்திருப்பேன். வேறொன்று கொடுத்தேன். பரிசுத் தாள் இலவசம்.

அக்கா மகளுக்கு இப்போது பதின்மூன்று முடிந்துவிட்டது. ஆச்சரியமாக ஒன்றும் நடக்கவில்லை. ரிப்பேர் ஆசை ஒன்றரை வருஷம் இருந்தது, போய்விட்டது. இப்போது பரதநாட்டியமும் கொரியாக்காரர்கள் பாட்டும். கணக்குப் புத்தகத்தில் காசு இருக்கிறது, டேமேஜ் பெட்டிப் பக்கம் அவள் வருவதில்லை. "பார்த்தியா, அன்னிக்கே கம்மல் வாங்கியிருந்தா" என்று அம்மா ஆரம்பித்தாள்.

போன மாதம் மன்னார்குடி போயிருந்தேன். அக்கா அடுப்படித் தரையில் பழைய பேப்பரை விரித்து, மிக்சியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நான் வாங்கிக்கொடுத்த செட். மகளைக் கூப்பிட வேண்டியதுதானே என்றேன். "அவ எதுக்குடா? கார்பன் தேஞ்சிருக்கும். மாத்திட்டா ஓடும்" என்றாள். எலக்ட்ரீஷியன் முந்நூறு கேட்டானாம். கார்பன் நாற்பது ரூபாய்.

"உன் பொறந்தநாள் எப்ப வருது?" என்று கேட்டேன்.

"ஐப்பசியில. டிரில்லிங் மெஷின் என்ன விலைன்னு விசாரி" என்றாள்.